பாலைவனத்துக்குள்ள ரஷ்: அறுபது தாண்டின ஆக்களைப் பார்க்க இவ்வளவு தூரமோ?

08.08.2015, மாலை 6.10 (கொக்குவில் வாசகர் ஒருவர் கேட்டது)

அண்ணை, கலியாணத்துக்கு ரொறொன்ரோ போனனீங்கள் எண்டு கேள்விப்பட்டம். அங்கயிருந்து அமெரிக்காவில பாலைவனத்துக்குள்ள கிடக்கிற பீனிக்ஸ் எண்ட ஊருக்குப் போய், ரஷ் எண்ட பழைய றொக் கோஷ்டியைப் பார்த்திட்டு வந்தனீங்களாம். மூண்டு பேருக்கும் அறுபது தாண்டிட்டுது. பாட்டும் பாட்டில்லை, கணக்குப் பாடம். யூடியூப்பில சும்மா கிடக்கிறதை 42 டிகிரி வெயிலுக்குள்ள காசு குடுத்துப் பார்க்கிறதில அப்பிடி என்ன இருக்கு? பகிடிக்கில்லை, உண்மையாத்தான் கேக்கிறன்.

09.08.2015, இரவு 10.25

பகிடிக்குக் கேட்டாலும் குறையில்லை. 17ஆம் திகதி தேர்தல். கூட்டத்துக்குக் கூட்டம் ஸ்பீக்கர் கட்டி இறக்கிப்போட்டு இப்பதான் வீட்டை வந்தனான், நாரி நிமிரேல்லை. துண்டு துண்டாத்தான் எழுதுவன்.

முதல் வெயில். ஆடி 27, திங்கட்கிழமை. அக்கா வீட்டில குளிர்தண்ணிக் குழாயைத் திறந்தா ரீ போடுற சூட்டில தண்ணி வருது. அத்தான் கார் ஸ்டியறிங்கைத் துவாயால சுத்தித்தான் பிடிக்கிறார். எங்கட வெயில் ஆளை அவிக்கும், அங்கத்தை வெயில் ஆளை வறுக்கும். வியர்வையே தெரியாது, வியர்க்க முதல் காய்ஞ்சிடும். ரெண்டாம் நாளே சொண்டு வெடிச்சிட்டுது. பூச நல்லெண்ணெய் இருக்கோ எண்டு கேக்க அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா.

ரிக்கெற் எடுத்துத் தந்தது ஸ்காபரோவில இருக்கிற அண்ணா. தானும் வாறதெண்டு ரெண்டு எடுத்தவர், லீவு கிடைக்கேல்லை. அதால அத்தான் மாட்டுப்பட்டார். அவருக்கு றொக் எண்டா காதுக்குள்ள ஓட்டோ விட்ட மாதிரி. இடம் ரவுண் நடுவில இருக்கிற கூடைப்பந்து அரங்கு, சன்ஸ் அணி விளையாடுற இடம். வெளியில 40க்கு மேல, உள்ளுக்க நுவரெலியா. ஏசியை அப்பிடி விட்டிருக்கினம். அரைக்கைச் சேட்டோட போன எங்கள் ரெண்டு பேருக்கும் பல்லுக் கிடுகிடுத்தது. சுத்திவரக் கறுப்பு ரீசேட் போட்ட வழுக்கைத் தலையள் ஆயிரக்கணக்கில. "இது கச்சேரியோ, பென்ஷன்காரற்ற கூட்டமோ" எண்டு அத்தான் கேட்டார்.

பாலைவனத்தில குளிரில நடுங்கினனான் எண்டா ஊரில ஆர் நம்புவினம்?

10.08.2015, காலை 5.50

வயதைப் பற்றி: பாடிக்கொண்டு பேஸ் கிற்றார் வாசிக்கிற கெடி லீக்கும், கிற்றார் வாசிக்கிற அலெக்ஸ் லைஃப்சனுக்கும் அண்டைக்கு 61. ட்ரம் அடிக்கிற நீல் பேர்ட்டுக்கு 62. லீக்கு ரெண்டு நாள் கழிச்சு 62 ஆகுது. கோஷ்டி 1968இல ரொறொன்ரோவில தொடங்கினது, பேர்ட் சேர்ந்தது 1974. அந்த நாற்பது வருசக் கணக்குக்குத்தான் இந்தச் சுற்றுப்பயணம். 35 கச்சேரி. நான் பார்த்தது கடைசியிலிருந்து மூண்டாவது.

கணக்குப் பாடம் எண்டதுக்குப் பிறகு வாறன். வான் வந்திட்டுது.

10.08.2015, இரவு 11.30

பாட்டு 4 நிமிசத்துக்குள்ள முடியவேணும், தாளம் நாலிலதான் போகவேணும் எண்ட சட்டத்தை 60களின்ர கடைசியில இங்கிலாந்தில சில பெடியள் தூக்கி எறிஞ்சவை. அதுதான் புரோகிரசிவ் றொக். இசைத்தட்டின்ர ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, அஞ்சு, ஏழு எண்டு மாறுற தாளம், கதை, கீபோட் எல்லாம் வரும். ரஷ் கனடாவில இருந்து பிந்தி வந்த பிள்ளையள். 1976இல 20 நிமிசப் பாட்டொண்டை முழுப் பக்கத்துக்கும் போட்டிச்சினம். கம்பனிக்காரர் வேண்டாம் எண்டு சொல்லியும் போட்டவை, அதுதான் அவையைக் காப்பாத்தினது.

எனக்கு ஏன் பிடிச்சுது எண்டா, சின்னனில அப்பா எங்களைத் தவில் கேக்கக் கூட்டிக்கொண்டு போவார். அளவெட்டி தட்சிணாமூர்த்தியின்ர வாசிப்பை நேரில கேட்ட ஆள் அவர். 1975இல தட்சிணாமூர்த்தி செத்த பிறகும் அப்பா ஒவ்வொரு தவில்காரனையும் அவரோட ஒப்பிட்டுப் பார்த்து, ஒவ்வொரு தரமும் ஏமாந்துதான் வீட்டை வருவார். கோயில் வீதியில இருந்து கையில தாளம் போட்டு வளர்ந்த பெடிக்கு ஏழு எண்டா பயமில்லை. மிச்ர சாப்புத் தாளம், தகிட தகதிமி எண்டு மூண்டும் நாலும். அவ்வளவுதான்.

(இப்பிடிப் பெரிய எடுப்பில எழுதுறன். அண்டைக்கு அந்த ஏழிலதான் நான் விழுந்தனான். நாளைக்கு.)

12.08.2015, இரவு 9.15

நேற்று எழுத ஏலேல்லை. மழை வாற மாதிரி இருட்டி, வயரெல்லாம் சுருட்டி, பிறகு மழையும் வரேல்லை.

முதல் மேடையைச் சொல்லுறன், அது என்ர தொழில். உந்தக் கச்சேரியில பாட்டுகளைப் பின்பக்கமாப் பாடினவை. புதுசில தொடங்கிப் பழசுக்குப் போறது, 2012இல இருந்து 1974 வரைக்கும். மேடையும் அப்பிடியே. தொடக்கத்தில பெரிய யந்திரங்கள், பித்தளைக் குழாய், புகை எண்டு ஒரு தொழிற்சாலை. பாட்டுப் போய்க்கொண்டிருக்கவே மேல்சட்டையும் காற்சட்டையும் ஒண்டாத் தைச்ச சிவப்பு உடுப்போட ஆக்கள் வந்து ஒவ்வொண்டாக் கழட்டிக்கொண்டு போகினம். சனத்துக்கு முன்னால! நாங்கள் சுவாமி உள்ளுக்க போன பிறகு, சனம் கலைஞ்ச பிறகு, இருட்டுக்குள்ள செய்யிற வேலையை அவை கச்சேரியாச் செய்யினம். எனக்குக் கையெல்லாம் பரபரத்தது. ஒருத்தன் பெட்டியொண்டைத் தூக்கின விதத்தைப் பார்த்து "நாரி போகப்போகுது தம்பி" எண்டு வாய்விட்டுச் சொல்லிப்போட்டன். அத்தான் முறைச்சார்.

இன்னொண்டு, கெடி லீக்குப் பின்னால ஸ்பீக்கர் பெட்டி இருக்கவேண்டிய இடத்தில உடுப்புக் காயவைக்கிற மெஷின் நிக்குது. காசு போட்டு ஓடுற வகை. பகிடிதான், ஆனா காரணம் இருக்கு. அவற்ற பேஸ் கிற்றார் நேர மிக்சருக்குப் போகுது, மேடையில பெட்டி தேவையில்லை. லைஃப்சன்ர பக்கம் பெட்டி மலைமாதிரி, இவற்ற பக்கம் வெறுமை. வெறுமையை நிரப்ப 2002இல இருந்து உதுகளைக் கொண்டு திரியினம். உள்ளுக்க ரீசேட்டுகள் சுத்திக்கொண்டிருக்கும், பிறகு எடுத்துச் சனத்துக்கு எறிவினம். எங்கட கோயில்களிலயும் இப்பிடி ஒண்டு செய்யலாம் எண்டு யோசிச்சன். தர்மகர்த்தா சபை விடாது.

12.08.2015, இரவு 9.40

விட்டுப்போச்சு. "பேர்ட்" எண்டு எழுதினது பிழையாம், ரொறொன்ரோவில இருந்து ஒருத்தர் திருத்தியிருக்கிறார். "பியர்ட்" எண்டுதான் சொல்லவேணும். 22 வருசமாப் பிழையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்.

16.08.2015, பகல் 1.05

பிரசாரம் முடிஞ்சுது. இண்டைக்கு வேலையில்லை, மிச்சத்தை எழுதுறன்.

90 ஆனியில, சண்டையோட யாழ்ப்பாணத்தில கரண்ட் போனது. பிறகு வருசக்கணக்கா இல்லை. பற்றறி தடைசெய்த சாமான். அந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு உது விளங்கும், மற்றவைக்குச் சொல்லுறன். சைக்கிளை ஸ்டாண்டில நிப்பாட்டி, பின் ரயரோட டைனமோவை அணைச்சுவிட்டு, ஒருத்தர் ஏறியிருந்து மிதிக்க, அதில வாற 6 வோல்ற்றில ரேப் றெக்கோடர் ஓடும். டைனமோவில வாறது மாறுமின்னோட்டம், நடுவில டையோட் போடவேணும். பழைய ரேடியோவைக் கழட்டி டையோட் எடுக்கப் பழகினதுதான் என்ர முதல் தொழிற்கல்வி. 13 வயசு.

அண்ணா எங்கயோ பிடிச்சு ஒரு கசெற் கொண்டந்தவர். ரஷ், 1981ஆம் ஆண்டு இசைத்தட்டு. (எங்களுக்கு 81 எண்டா யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச ஆண்டு. அவைக்கு உது.) முதல் பாட்டு 'டொம் சோயர்'. 93, 94 முழுக்க அந்தப் பாட்டுத்தான். ஜாம் போத்தில் விளக்கு, அண்ணா சைக்கிளில, நான் விறாந்தையில ரேடியோவோட காதை ஒட்டிக்கொண்டு. டைனமோ ரயரில உரசிற இரைச்சலுக்கு மேலால கேக்கவேணும். பாட்டுக்கு நடுவில ஏழு தாளத்தில ஒரு கீபோட் துண்டு வரும். அது தொடங்கிற இடத்தில பாட்டு மெல்ல இழுபட்டு, சுருதி இறங்கி, முனகி, திரும்பவும் ஏறும். மயிர் கூச்செறியும் எனக்கு. இப்பிடி ஒரு தாழ்வைக் கற்பனை பண்ணினவன் மனுசனில்லை எண்டு நினைச்சன்.

2003இல, யாழ்ப்பாணத்துப் பாதை திறந்த பிறகு, கொழும்பில சிடி வாங்கிக் கேட்டா அந்த இறக்கம் இல்லை. நேர போகுது. அப்பதான் விளங்கினது, இறங்கினது பாட்டில்லை, அண்ணா. மிதிச்சுக் களைச்சிட்டார்.

சரி, பீனிக்சுக்கு வாறன். இடைவேளைக்குப் பிறகு முதல் பாட்டே அதுதான். பக்கத்துக் கதிரையில எழுபது வயசு மதிக்கத்தக்க வெள்ளைக்காரர், வெறுங்கையால காத்தில ட்ரம் அடிச்சுக்கொண்டு நிக்கிறார். நான் என்ர தொடையில தாளம். மனசுக்குள்ள ஒரு எண்ணம், ஐயா உமக்கு உது காத்து, எனக்கு உது கணக்கு எண்டு. ஏழு வந்தது. சிடி கேட்டு 12 வருசமாச்சு, யூடியூப்பில நூறு தரம் பார்த்தாச்சு. எண்டாலும் அந்தச் சத்தத்துக்குள்ள, நெஞ்செலும்பு அதிர நிக்கேக்க, உடம்பு 93க்குப் போயிட்டுது. தகிட தகதிமியில என்ர கை இறக்கத்துக்காகக் காத்து நிண்டுது. இறங்கேல்லை. அவை போயிட்டினம். நான் ரெண்டு மாத்திரை பிந்தி, அந்தரத்தில. அந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒரு அடி தவறாமப் பியர்ட்டோட சேர்ந்து போய் இறங்கினார், என்னைப் பார்த்துக் கண்ணடிச்சார்.

கொக்குவில் தம்பி, யூடியூப்பில என்ன இல்லை எண்டு கேட்டீர். உது இல்லை.

16.08.2015, பின்னேரம் 4.30

அத்தான் உந்தப் பாட்டு முழுக்க நித்திரை. 40 வருசச் சாதனை.

18.08.2015, காலை 6.20

ரெண்டு பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கினம். அண்ணா களைச்சபடியால் பாட்டு இழுபட்டதெண்டா, ஒவ்வொரு நாளும் அதே இடத்திலயோ களைக்கிறவர்?

இருபது வருசமா எனக்கு உது தோன்றேல்லை எண்டதை நினைக்க வெக்கமாக் கிடக்கு. ரேப் றெக்கோடர் திருத்திச் சீவிக்கத் தொடங்கினவன் நான்.

அப்ப கசெற் ரேப்தான் அந்த இடத்தில இழுபட்டிருக்கவேணும். ஒருக்கா உருளையில சிக்கி, பென்சிலால சுத்தி எடுத்த ஞாபகம் இருக்கு. இழுபட்ட ரேப் அந்த இடத்தில மெதுவாத்தான் பாடும். அண்ணா, மன்னிக்கவும். உங்களைக் களைச்ச ஆள் எண்டு உலகம் முழுக்கச் சொல்லிப்போட்டன்.

23.08.2015, இரவு 10.50

நல்லூர்ப் பக்கம் வேலை. வீதியெல்லாம் மணல், என்ர வயரெல்லாம் மணல்.

ரொறொன்ரோவைப் பற்றி ஒண்டு எழுத மறந்திட்டன். அங்க இறங்கி, சூட்கேசில ஒட்டியிருக்கிற ரிக்கெற்றைப் பார்த்தா 'வை-வை-இஸெட்'. பியர்சன் விமான நிலையத்தின்ர குறி. எங்கட சனம் எத்தினை ஆயிரம் பேர் அந்த மூண்டு எழுத்தோட வந்து இறங்கி அழுதிருக்கும். அதுதான் ரஷ்ஷின்ர இன்னொரு பாட்டு, அதே 1981 இசைத்தட்டில மூண்டாவது. விமான நிலையத்து வழிகாட்டிக் கருவி தன்ர எழுத்துகளை மோர்ஸ் தந்தியில விடாம அடிச்சுக்கொண்டே இருக்கும். கோஷ்டிக்காரர் விமானத்தில வீடு திரும்பேக்க அதைக் கேட்டவை. கேட்டதையே தாளமா வைச்சிட்டினம்.

டாஹ் எண்டா ரெண்டு மாத்திரை, டிட் எண்டா ஒண்டு. வை: டாஹ் டிட் டாஹ் டாஹ். ஏழு. தகிட தகதிமி. ரெண்டு தரம். இஸெட்: டாஹ் டாஹ் டிட் டிட், ஏழு. மொத்தம் 21.

24.08.2015, காலை 5.30

20! 20! ஒரு மிருதங்க வாத்தியார் விடியக்காலமை போன் எடுத்துப் பேச்சு. ரெண்டும் ரெண்டும் ஒண்டும் ஒண்டும் ஆறு. தகதிமி தக. ஏழும் ஏழும் ஆறும் 20. நாலு கண்டம், அதாவது நாலு அஞ்சு, வடிவா அடங்கும், மேல்நாட்டுக்காரர் அஞ்சு அடி எண்டு எண்ணுறதும் அதைத்தான். கூட்டத் தெரியாதவன் மிச்ர சாப்புப் பற்றி எழுதுறான் எண்டு சொன்னவர். சரிதான்.

30.08.2015, இரவு 9.00

சாகுவாரோ கள்ளியைப் பற்றி அக்காவின்ர மகள் கேக்கிறா, எழுதேல்லையோ மாமா எண்டு. எழுதுறன். படத்தில கையை உயர்த்திக்கொண்டு நிக்குமே, அந்தக் கள்ளி. ஒரு கை முளைக்கவே 50 தொடக்கம் 75 வருசம் போகுமாம். எங்கட ஆக்கள் தென்னை வைச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வைச்சவன் பார்த்திட்டுச் சாவான் எண்டு சொல்லுவினம். சாகுவாரோ வைச்சவன் அதையும் பாராமத்தான் சாவான்.

கச்சேரி முடிவைச் சொல்லாம விட்டிருக்கிறன். கடைசியில மேடையில ஒண்டும் மிஞ்சேல்லை. பியர்ட்டின்ர ட்ரம் கூட்டமும் இடைவேளையோட மாறிட்டுது, 70களில வைச்சிருந்த மாதிரி ரெண்டு பெரிய ட்ரம்மோட பழைய கூட்டம். பின்திரையில ஒரு பள்ளிக்கூட மண்டபம். ரெண்டு பள்ளிக்கூடக் கதிரை. கதிரைக்கு மேல ஒவ்வொரு சின்ன அம்ப்ளிஃபயர். அவ்வளவுதான். மூண்டு கிழவர் நிண்டு, இருபது வயசில அடிச்ச பாட்டை அடிக்கினம்.

நான் தொழில் தொடங்கினது 98இல. ஒரு அம்ப்ளிஃபயர், ரெண்டு ஹோர்ன். சனசமூக நிலையத்தில இரவல் வாங்கின கதிரைக்கு மேல அம்ப்ளிஃபயரை வைச்சு ஒரு பூப்புனித நீராட்டு விழா. கதிரைக்கு ஒரு கால் கட்டை, கீழ செங்கல் வைச்சனான். அந்த மேடையைப் பார்த்த உடன, கதிரைக் காலுக்குக் கீழ செங்கல் இருக்கோ எண்டுதான் என்ர கண் தேடினது. அதுக்குப் பிறகு கண்ணாடியைக் கழட்டித் துடைக்கவேண்டி வந்தது. ஏசி குளிருக்குக் கண்ணாடி புகைஞ்சதெண்டு அத்தானுக்குச் சொன்னன்.

அஞ்சு நாள் கழிச்சு, ஆவணி 1ஆம் திகதி லொஸ் ஏஞ்சலீசில கடைசிக் கச்சேரி. பியர்ட் ட்ரம்மை விட்டு எழும்பி முன்னுக்கு வந்து மற்ற ரெண்டு பேரையும் கட்டிப்பிடிச்சிருக்கிறார். இவ்வளவு வருசத்தில ஒரு நாளும் அப்பிடி முன்னுக்கு வராத மனுசன். லைஃப்சனுக்கு மூட்டுவாதம், பியர்ட்டுக்கு தசைநார் நோ. திரும்ப வருவினம் எண்டு நான் நினைக்கேல்லை.

19.10.2019, இரவு 8.45

நாலு வருசத்துக்குப் பிறகு தூசு தட்டுறன், காரணம் இருக்கு. நேற்று முன்தினம் பலாலியில சர்வதேச விமான நிலையம் திறந்தாச்சு. குறி: ஜே-ஏ-எஃப்.

ஜே: டிட் டாஹ் டாஹ் டாஹ். ஏழு. ஏ: டிட் டாஹ். மூண்டு. எஃப்: டிட் டிட் டாஹ் டிட். அஞ்சு.

மிச்ரம், திச்ரம், கண்டம். மூண்டு ஜாதியும் ஒரே பேரில! தகிட தகதிமி, தகிட, தக தகிட. மொத்தம் 15. இந்த முறை மூண்டு தரம் கூட்டிப் பார்த்துத்தான் எழுதுறன், மிருதங்க வாத்தியாருக்கும் போன் எடுத்துக் கேட்டன். "பரவாயில்லை" எண்டார். அவற்ற வாயில அது பத்மஸ்ரீ.

ரொறொன்ரோவின்ர பேரில ஒரு பாட்டெண்டா எங்கட பேரில தவிலில முடிக்கிற தீர்மானக் கோர்வையே வைக்கலாம். தவில்காரர் ஆரும் வாசிக்கிறீங்களோ? ஒலிபெருக்கி என்ர செலவு.

11.01.2020, காலை 6.00

பியர்ட் போயிட்டார். 7ஆம் திகதி. நேற்றுத்தான் வெளியில விட்டிருக்கினம். மூளைப் புற்றுநோய், மூண்டரை வருசம். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. 67.

அண்ணா விடிய 4 மணிக்கு வட்ஸ்அப்பில "உன்ர மேளகாரன் போயிட்டானடா" எண்டு அனுப்பினவர்.

12.01.2020, இரவு 11.15

பொங்கலுக்கு வேலை நிறையக் கிடக்கு, எண்டாலும் உதை எழுதாமப் படுக்க ஏலாது.

நேற்று அண்ணாவோட ஒண்டரை மணித்தியாலம் கதைச்சன். 2015இல நான் எழுதினதை அவர் அப்பவே வாசிச்சவராம், ஒண்டும் சொல்லேல்லை. நேற்றுச் சொன்னார்: "நான் களைக்கவும் இல்லை, ரேப் இழுபடவும் இல்லையடா. அது கொப்பி."

அந்தக் கசெற் மூலக் கசெற் இல்லை. அண்ணாவின்ர சிநேகிதன் ஒருத்தன் வீட்டில ஓர் இரவு கொப்பி பண்ணினது. ரெண்டு ரேடியோ, நடுவில ஒரு வயர், ரெண்டு சைக்கிள். பாடுற ரேடியோவுக்கு அண்ணா மிதிக்க, பதியிற ரேடியோவுக்குச் சிநேகிதன் மிதிச்சிருக்கிறான். முதல் பாட்டு நடுவில தூரத்தில பொம்மர், குண்டு போடுற விமானம், இரைஞ்ச மாதிரிக் கேட்டிருக்கு. டைனமோ இரைச்சலுக்குள்ள சரியாத் தெரியேல்லை. காது குடுக்க அண்ணா மிதியைக் குறைச்சவர். பிறகு ஒண்டும் இல்லை எண்டு திரும்ப மிதிச்சவர்.

நான் ரெண்டு வருசம், விறாந்தையில இருந்து, மயிர் கூச்செறியக் கேட்டது அதைத்தான்.

14.01.2020, காலை 7.10

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில படிச்ச தம்பி ஒருத்தர் கேட்டது நல்ல கேள்வி. பாடுற ரேடியோ இறங்கினா கொப்பியில பாட்டு இழுபடும், சரி. பதியிற ரேடியோ இறங்கினா, பிறகு சரியான வேகத்தில போடேக்க பாட்டுப் பறக்கும். ரெண்டு பேரும் ஒரே நேரம் குறைச்சா ஒண்டையொண்டு வெட்டி, பாட்டு நேராத்தான் வரும். பொம்மர் சத்தம் எண்டா ரெண்டு பேரும்தானே மிதியைக் குறைச்சிருக்கவேணும்?

சரிதான். அண்ணாவிட்டைக் கேட்டன். அண்ணா கதவடியில முத்தத்தைப் பார்த்தபடி இருந்தவராம், சிநேகிதன் உள்ளறையில. அவனுக்குக் கேக்கேல்லை. அவன் தலையைக் குனிஞ்சு மிதிச்சுக்கொண்டே இருந்திருக்கிறான், பாட்டையும் முணுமுணுத்துக்கொண்டு.

அந்தச் சிநேகிதன் இப்ப எங்க எண்டு கேட்டன். அண்ணா வேற கதைக்குப் போயிட்டார்.

14.01.2020, காலை 7.25

கசெற் இப்ப எங்க எண்டு கேக்காதேங்கோ. 95 ஐப்பசி 30 இரவு, சண்டையால யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்து வெளிக்கிடேக்க சைக்கிளில அரிசியும் அம்மம்மாவும்தான் ஏறினவை.

26.04.2020, பகல் 3.30

ஊரடங்கு. திருவிழா இல்லை, கலியாணம் இல்லை, ஸ்பீக்கர் எல்லாம் கொட்டிலுக்குள்ள நித்திரை. செய்ய ஒண்டுமில்லாம, கொட்டிலைக் கிளறினா ஒரு பழைய போத்தில் டைனமோ. துருப்பிடிச்சிருந்தது, மண்ணெண்ணெயில ஊறவைச்சுச் சுத்தவைச்சன். ரேப் றெக்கோடர் ரெண்டு இருக்கு, திருத்தக் குடுத்த ஆக்கள் திரும்பி வராதது. பெல்ட் பழுதாப்போன இடத்தில றப்பர் வளையம் போட்டிருக்கிறன். கசெற் ஒண்டில, ஒரு காலத்துப் பக்திப் பாடலுக்கு மேலால, கணினியில இருந்து பாட்டைப் பதிஞ்சும் போட்டன்.

ஒரு சைக்கிளில மகன், மற்றதில நான். அண்ணாவை வட்ஸ்அப் வீடியோவில எடுத்து, போனை வாங்கில சாத்தி வைச்சாச்சு. அங்க விடியக்காலமை 6 மணி, ஞாயிற்றுக்கிழமை, ரீயோட இருக்கிறார். எந்த இடத்தில குறைக்கிறதெண்டு அவர் கை காட்டவேணும்.

முதல் முறை அவர் கை காட்டினது போனுக்கு வந்து சேரப் பிந்திப்போச்சு. ரெண்டாம் முறை நான் குறைக்க மகனும் என்னைப் பார்த்துக் குறைச்சிட்டான், கொப்பி நேராப் போகுது. மொறட்டுவைத் தம்பி, உங்கட கணக்குச் சரி. மூண்டாம் முறை மகனைத் திருப்பிச் சுவரைப் பார்க்க இருத்தியிருக்கிறன்.

"எவ்வளவு நேரமப்பா மிதிக்கவேணும்?" எண்டு கேக்கிறான்.

நாலரை நிமிசம் எண்டன். நடுவில என்ன நடந்தாலும் நீ நிப்பாட்டக்கூடாது எண்டும் சொல்லியிருக்கிறன்.